தாமோதரன் டிபன் கேரியரை நிமிர்த்தியது யார்?

செல்வி போட்ட படத்தைக் கெடுத்தது செல்வி இல்லை. மாடி அறையில் என்னிடம் வேலை பழகிய உங்கள் ஐந்து பேரில் ஒருவர். கெடுத்துவிட்டு, பழி அந்தப் பெண் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இன்றுவரை அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் ஓவியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவங்களை எழுதிக் கேட்டீர்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் இதிலிருந்து தொடங்கித்தான் எழுதுவேன். ஒரு வரி வெட்டாமல் அச்சடியுங்கள். வெட்டினால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் சுவரில் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், அவருடைய செக்‌ஷன்காரர்கள் சேர்ந்து ஒரு படம் கொடுப்பார்கள். அவர் முகத்தை வரைந்த படம் அல்ல. அவர் வேலைக்கு எடுத்துப்போன சாமான்களின் படம். டிபன் கேரியர், மக், கண்ணாடிக் கூடு, அவர் கையில் புழங்கிய ஒரு கருவி. மேசை மேல் வைத்தது மாதிரி, ஆயில் கலரில், சாமானின் அளவுக்கே போடவேண்டும். இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. சுரங்கம் மூடிய பிறகும் பேக்டரிக்காரர்கள் விடவில்லை. அதனால்தான் உங்கள் மாடி அறைக்கு இன்றும் வேலை வருகிறது.

தாமோதரன் கியர் வெட்டும் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். அவர் படம் செல்விக்கு வந்தது. மூன்று அடுக்கு டிபன் கேரியர், வெளுத்த நீலத்தில் ஒரு எனாமல் மக், அளவு பார்க்கும் ஒரு காலிப்பர். கேரியரின் கீழ்டப்பாவில் ஒரு நெளிவு. செல்வி பதினொரு நாள் போட்டாள். ஒரு மாதம் ஜன்னலோரம் காயவைத்தாள். திங்கட்கிழமை பிரிவுபசார விழாவில் துணியை எடுத்தபோது, நெளிவு இல்லை. கேரியர் கடையில் தொங்குவது போலப் பளபளத்தது. மக் பட்டாசு டப்பா நீலத்தில் இருந்தது. தாமோதரனின் மனைவி தொட்டுப் பார்த்தார். விரலில் நீலம் ஒட்டியது. தாமோதரன் சாப்பாடு முடிந்ததும் படத்தை மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாமானைப் பார்க்காமல் போட்டாள், ஈரத்தோடு கொடுத்தாள் என்று செக்‌ஷன்காரர்கள் திட்டினார்கள். பேக்டரி கேன்டீன் சுவருக்கு எட்டடிப் படம் போடும் வேலை செல்விக்குத்தான் என்று முன்பே பேசியிருந்தீர்கள். அதை அவளிடமிருந்து எடுத்தீர்கள். கூப்பிடும்வரை அறைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னீர்கள். இப்போது அவள் பெங்களூரில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்வதாக எழுதிக்கொடுத்துவிட்டாள். ஒன்றாம் தேதி சேரவேண்டும். சேர்ந்தால் விடிவதற்கு முன் ரயில் ஏறி, விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். அதற்கு மேல் தூரிகையைத் தொட அவளுக்கு எந்த நேரம் இருக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் அந்த செக்‌ஷன் ஆள் ஒருவர் படத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "மாஸ்டர், இத்த எதுனா பண்ண முடியுமா பாருங்க" என்றார். காலை வெயில் சாய்ந்து விழும் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். பளபளப்புக்கு அடியில் தூரிகை ஓடிய தடம் மேடாகத் தெரிந்தது. அந்தத் தடம் நெளிந்திருந்தது. துணியில் டர்பன்டைன் தொட்டு ஒற்றினேன். மேலே இருந்தது கையோடு வந்தது. கீழே இருந்தது அசையவில்லை. கீழே நெளிவு பத்திரமாக இருந்தது.

இன்னொன்று. செல்வியின் டப்பாவில் நான்கே டியூப். வெள்ளை, கறுப்பு, எல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், சிவப்பு. அவளிடம் நீலம் கிடையாது. என்றைக்கும் வாங்கியதில்லை. உங்கள் ஐந்து பேரிடமும் நீலம் இருக்கிறது.

இது போதும். இனி என் கதை. அதையும் படியுங்கள், ஏனென்றால் இந்தத் தப்பை நம் தொழிலில் முதலில் செய்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. அப்பா பேக்டரியில் ஃபிட்டர். படம் போடுகிறவன் உருப்படமாட்டான் என்று தினமும் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்வார். நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு அறை பிடித்தோம். அவன் பெயரை எழுதமாட்டேன். இப்போது ஓசூரில் மகளோடு இருக்கிறான். "போர்டுல பேர் போட்டு நமக்குப் பழக்கம் இல்ல, என் பேர எங்கனா போட்ட, பஸ் ஏறி வந்து உதைப்பேன்" என்று போனில் சொன்னான். உதைப்பான்.

என்னைவிட அவன் இரண்டு வயது சின்னவன். சுரங்கத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். ஷாஃப்ட் நம்பர், லெவல் நம்பர், ஆட்களை இறக்கும் கேஜில் எத்தனை பேர் ஏறலாம், அபாயம். அங்கே ஸ்டோரில் நான்கு டிரம் பெயின்ட்தான் இருக்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். ஆயில் கலருக்கு வந்தபோதும் அந்த நான்கையே டியூபில் வாங்கினான். நான் பெங்களூருக்குப் போய்ப் பதினெட்டு டியூப் வாங்கி வந்திருந்தேன். அவன் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாப்பா இது, வளையல் கடையா?"

"உனக்கு நாலுல இன்னா வரும்?"

"ஊரே இந்த நாலுலதான் எழுதிகீது. நீ ஒரு டிபன் டப்பா போடமாட்டியா?"

அவனைப் பற்றி நன்றியோடு சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலு என்ற டிம்பர்மேன் ஓய்வு பெற்றார். சுரங்கத்துக்குள் மேற்கூரை இறங்காமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அவர் படத்தை நான் போட்டேன். அவருடைய கேரியரில் நடு டப்பா நெளிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷம் உழைத்த மனிதருக்கு ஓட்டை உடைசலையா போட்டுக் கொடுப்பது என்று நினைத்தேன். நிமிர்த்திவிட்டேன். கூட்டாளி ஊரில் இல்லாத இரண்டு நாளில் செய்தேன். அவன் திரும்பி வந்தபோது படம் துணி கட்டித் தயாராக இருந்தது.

கோரமண்டல் சுரங்கப் பகுதியில் ஒரு ஹாலில் விழா. வேலு துணியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாருதுபா இந்த கேரியரு?"

"உன்துதாண்ணே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி குப்பம்மா எழுந்து வந்தார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"எங்க வூட்டுதுன்னா நெளிவு எங்க? நடு டப்பாவுல நெளிவு கீதே, அது எங்க போச்சி? கண்ணாலம் ஆன புதுசுல இந்த மனுசன் மூணு நாளு வூட்டுக்கு வராம சீட்டாடிகினு இருந்தாரு. வந்தன்னிக்கு நான்தான் வுட்டெறிஞ்சேன். இவரு குனிஞ்சிட்டாரு, செவுத்துல பட்டு நெளிஞ்சிது. அன்னிலேர்ந்து சீட்டத் தொட்டாரா, கேளுங்க!"

ஹால் முழுக்கச் சிரித்தது. வேலு சிரிக்கவில்லை. "கட்ட விரல அந்த நெளிவுல வச்சித்தான் இத்தினி வருசமும் கேரியரப் புடிச்சேன். கேஜுல நெருக்கும். நெளிவுல விரல வச்சா நழுவாது" என்று மெதுவாகச் சொன்னார். "இந்தப் படத்துல எங்க வைக்கறது?"

செக்‌ஷன் மேஸ்திரி எங்கள் இருவரையும் பார்த்தார். நான் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றிருந்தேன். கூட்டாளியின் கைலியில் பெயின்ட் கறை. மேஸ்திரி அவனிடம் திரும்பி, "போர்டு எழுதறவன் கிட்ட குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றார்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இதைத்தான் சொல்லவந்தேன். படத்தில் நெளிவை நிமிர்த்தியது ஒரு தப்பு. அது பெரிய தப்பு இல்லை, கண்ணும் கையும் பக்குவப்படாதவன் செய்கிற தப்பு. தரையைப் பார்த்தேனே, அதுதான் தப்பு.

பதினைந்து நாள் அவன் என்னோடு வழக்கம்போல வேலை செய்தான். டீ வாங்கிக் கொடுத்தான். கேலி பேசினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாட்களில் அவனுக்கு வந்த இரண்டு வேலை கைவிட்டுப் போனது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பதினாறாம் நாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு சுரங்க சங்கத்துல கூட்டமாம். வேலு அண்ணன் வர்றாரு. மேஸ்திரியும் வர்றாரு. நான் போறேன். நீ வர்றியா?"

அவ்வளவுதான் கேட்டான். போனேன். நூறு பேர் இருந்திருப்பார்கள். எழுந்து நின்றேன். "கேரியர நிமித்தினது நான். அவன் ஊர்லயே இல்ல" என்றேன்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். அதற்குள் வேலு பேசிவிட்டார். "சரி. நிமித்தினவனே நெளிச்சிக் குடு."

மறுநாள் வேலுவின் சுரங்க லைன் வீட்டில் உட்கார்ந்து, கேரியரை எதிரில் வைத்து, நெளிவைப் போட்டேன். டப்பாவின் வெளிவளைவில் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்தால், நெளிவின் குழியில் அது வலப்பக்கம் விழும். அந்த ஒன்றைப் பிடித்தால் நெளிவு வந்துவிடும். பிடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. குப்பம்மா காபி கொடுத்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஆழமா போடுபா. நான் ஒண்ணும் அவ்ளோ மெதுவா எறியல."

இந்த வயதில் யோசித்தால் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாள்தான். அவருக்கு நன்றி. "நெளிச்சிக் குடு" என்று சொல்லி என்னை மறுபடியும் படத்தின் முன்னால் உட்காரவைத்த வேலுவுக்கு நன்றி. காட்டிக்கொடுக்காமல் பதினாறு நாள் காத்திருந்தவனுக்கு என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு டியூபில் பதினான்கை அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். நான்கை வைத்துக்கொண்டேன்.

நான்கு நிறம் எதற்கு என்று புதியவர்கள் கேட்கிறார்கள். அவசரத்தில் தெரியும் எதற்கென்று.

பூதிகோட்டையிலிருந்து வந்துபோகும் ராமண்ணா என்ற பேக்டரி இன்ஸ்பெக்டரின் படம். சீசன் தவறாமல் தோட்டத்துச் சீத்தாப்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பாராம். அதனால் இரண்டு சீத்தாப்பழத்தையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். சாமான் திங்கட்கிழமை வந்தது. விழா வெள்ளிக்கிழமை. அவருடைய வெர்னியர் காலிப்பரில் ஆரம்பித்தேன். பொடிக் கோடுகளை மயிரிழை தப்பாமல் போடத் தெரியும் என்ற திமிர். புதன்கிழமை அதை முடித்து நிமிர்ந்தால் பழம் இரண்டும் வெடித்து எறும்பு மொய்க்கிறது.

கூட்டாளி எட்டிப் பார்த்தான். "சாவறத மொதல்ல போடறதில்லயா? இரும்பு எங்கய்யா ஓடிப்பூடும்?"

பஸ் பிடித்துப் பூதிகோட்டைக்குப் போனேன். சீசன் முடிகிற நேரம். தோட்டம் தோட்டமாகக் கேட்டு ஒரே ஒரு பழம் கிடைத்தது. அதனால் படத்தில் ஒரு பழம்தான். இன்னொன்றை ஏன் பழையதை நினைத்து மனசிலிருந்து போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டேன். கூட்டாளி துடைத்துவிடச் சொன்னான். பார்த்துப் போட்ட பழத்துக்குப் பக்கத்தில் அது மர உருண்டை மாதிரி இருந்தது. துடைத்தேன். துடைத்தது நான், என் படத்தை, என் கையால். இதைக் கவனியுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் செக்‌ஷன் ஆபீசர் படத்தைப் பார்க்க அறைக்கு வந்தார்.

"மக் நீல மக். நீங்க சாம்பல் போட்டிருக்கீங்க. நீலம் போடுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

ஆபீசர் சொல்லிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடத் தயாரானேன். கூட்டாளி கதவில் கை வைத்து மறித்தான். ராமண்ணாவின் மக்கைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "சார், அந்த மூலைல நின்னு பாருங்க."

ஆபீசர் போய் நின்றார். பார்த்தார். "இப்போ நீலமா தெரியுது. கிட்ட வந்தா?"

கிட்ட வந்தும் நீலமாகவே தெரிந்தது. கூட்டாளி விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நடுவில் காசளவு ஓட்டை போட்டு, படத்து மக்கின் மேல் பிடித்தான். சுற்றி இருப்பது மறைந்து, ஓட்டை வழியே மக்கின் நிறம் மட்டும் தெரிந்தது. வெறும் சாம்பல். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல். அழைப்பிதழை எடுத்தான். மறுபடியும் நீலம்.

"இன்னாய்யா மாயம் இது!"

"மாயம் இல்ல சார். பக்கத்துல மேசையும் பழமும் மஞ்சளா, செவப்பா கீது இல்ல, அதுங்க நடுவுல சாம்பல வச்சா நீலமாத்தான் தெரியும். டியூப் நீலத்த வச்சா மக்கு மட்டும்தான் தெரியும். ராமண்ணா தெரியமாட்டாரு."

நான்கு நிறத்தில் போடுகிறவனுக்கு ஒன்றைத் தனியாக அழகுபடுத்த வழியில்லை. ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் மாறும். அதனால் முழுதும் பார்த்துத்தான் தொடவேண்டும். செல்வி மக்கைச் சாம்பலில்தான் போட்டிருந்தாள். மேலிருந்த நீலத்தைத் துடைத்தபோது கண்ணால் பார்த்தேன். என் கூட்டாளிகூட அவ்வளவு நன்றாகப் போட்டதில்லை. இதை அவன் படிப்பான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதைச் சொல்ல எனக்குத்தான் கூச்சம்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம் எனக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. சுத்த வெள்ளைக்கும், எல்லோ ஓக்கர் ஒரு துளி கலந்த வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. என் படத்தில் பீங்கான் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. உங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் சொல்லவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போன பிறகு உங்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைச் சரிசெய்தீர்கள். காலையில் வந்து பார்த்து, "பார்த்தீங்களாடா, காய்ஞ்சப்புறம் எப்படி வந்திருக்கு, இதுதான் கை" என்று பெருமை அடித்தேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

செல்வி அறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"மாஸ்டர், சாயங்காலம் உங்க படத்துல இவங்க கை வைக்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா? உங்க வெள்ளை சரியா இல்ல. கண் டெஸ்ட் பண்ணிக்கோங்க, ப்ளீஸ்."

உங்களில் ஒருவர், "மாஸ்டர், உங்க மனசு நோவக்கூடாதுன்னுதான்..." என்றார்.

நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். என் மேல் இவ்வளவு பாசமா என்று கண் கலங்கி உங்கள் ஐந்து பேருக்கும் டீ சொன்னேன். செல்வியைப் பார்த்து, "வந்த மாசமே உனக்கு இவ்ளோ வாயா?" என்று கேட்டேன். அவள் ஒரு மூலையில் போய்ப் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் சொன்னபடியே கண் டாக்டரிடம் காட்டினேன், ஆபரேஷன் நடந்தது. நீங்கள் ஐந்து பேரும் முறைபோட்டு ஆஸ்பத்திரியில் காத்திருந்தீர்கள். சொட்டு மருந்து போட்டுவிட்டீர்கள். கஞ்சி கொண்டுவந்தீர்கள். அதற்கு இந்த மலரில் நன்றி சொல்கிறேன். மனசார. பெற்ற பிள்ளை இருந்தால்கூட இதற்கு மேல் செய்திருக்கமாட்டான். கட்டு அவிழ்த்த அன்று சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். எத்தனை விதமான வெள்ளை! நான் அன்று நன்றி சொல்லியிருக்கவேண்டிய ஆள் செல்வி. சொல்லவில்லை. இன்று அச்சில் சொல்கிறேன். செல்வி, என் கண்ணைக் காப்பாற்றியது நீ. உன்னை வாயாடி என்றது என் தப்பு.

அடுத்தவன் படத்தில் சொல்லாமல் கை வைக்கிற பழக்கம் அந்த அறையில் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? என் படத்தில்தான் வந்தது. கையைத் தட்டிவிட்டிருக்கவேண்டியவன் டீ வாங்கிக் கொடுத்தேன். சொல்லாமல் திருத்துவது பாசம் என்றும், முகத்துக்கு நேரே சொல்வது வாய்க்கொழுப்பு என்றும் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்.

அதனால் தாமோதரன் படத்தில் கை வைத்தவர் கெட்ட எண்ணத்தில் வைத்தார் என்று நான் சொல்லவில்லை. எட்டடிப் படத்தை முடிவு செய்கிற ஆபீசர் அந்த விழாவுக்கு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். படம் பளிச்சென்று இருந்தால் அறைக்கு நல்லது, செல்விக்கும் நல்லது என்று நினைத்திருக்கலாம். நானும் வேலுவுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். அது இல்லை கேள்வி. அவளை வெளியே போகச் சொன்னபோது யார் தரையைப் பார்த்தது?

செல்வியைக் கேட்டேன். "யார்னு தெரியும் மாஸ்டர். சும்னே விடுங்க. அவங்க வாயால வந்தா வரட்டும், நான் சொல்லி அவங்க மாட்ட வேணாம்" என்றாள். எவ்வளவு கேட்டும் பெயர் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு பொறாமையாக இருந்தது. அவள் வயதில் நான் எப்படி இருந்தேன் என்று எழுதிவிட்டேனே.

போன வாரம் படத்தை முழுதும் துடைத்து முடித்தேன். என் பங்குக்கு ஒரு புள்ளி வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு தாமோதரன் வீட்டுக்குப் போனேன். அந்த நெளிவு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படத்தைக் கூடத்தில் சாய்த்து வைத்தார். உள்ளே போய்க் கேரியரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது என்து" என்றார். அவர் மனைவி ஆணி தேடப் போய்விட்டார்.

"பரவால்ல மாஸ்டர். அந்தப் பொண்ணு பண்ண தப்ப நீங்க சரிபண்ணிட்டீங்க" என்றார் தாமோதரன்.

"நான் ஒண்ணும் பண்ணல. மேல இருந்தத தொடச்சேன், அவ்ளோதான். அந்தப் பொண்ணு மொதல்லயே இப்படித்தான் போட்டிருந்தா."

அவர் யோசித்தார். "அவங்க சரியாப் போட்டாங்க. நீங்க தொடச்சீங்க. அப்போ நடுவுல யாரு?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

மலர் வெளியீட்டு விழாவுக்குத் தாமோதரனையும் அவர் மனைவியையும் நான் அழைத்திருக்கிறேன். அவருடைய செக்‌ஷன்காரர்களையும் அழைத்திருக்கிறேன். செல்வியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். விழா ஞாயிற்றுக்கிழமை. அவள் வேலைக்குச் சேர அதற்குப் பிறகு நான்கு நாள் இருக்கிறது. நான்கு நாள் போதும், அவள் மனசை மாற்ற.

நான் முதலில் மைக்கைப் பிடித்து என் பங்கைச் சொல்லிவிடுவேன். டீ வாங்கிக் கொடுத்தது நான் என்று. அதற்கு அடுத்து மைக் உங்களுக்கு. என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்லவேண்டாம், போன் செய்யவேண்டாம், செல்வியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளவும் வேண்டாம். பழி எல்லோர் முன்னாலும் விழுந்தது. காரணம் சொல்வதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறேன். முதலில் தாமோதரன் கேட்டதற்கு, அவர் முகத்தைப் பார்த்து, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். நடுவில் கை வைத்தது யார்?